பார் சார்ட்டில் எல்லா எண்ணையும் எழுதியும் ஏன் 6-லேயே நிற்கிறது?

கேட்டவர் ஒரு நர்ஸ். இங்கிலாந்தில் பதிவு செய்வதற்காக ஐயெல்ட்ஸ் அகாடமிக் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார். மற்ற மூன்று பிரிவிலும் 7 வந்துவிட்டது. ரைட்டிங்கில் 6.5 வேண்டும், ஆனால் 6-ஐத் தாண்டவில்லை. ரைட்டிங்கின் முதல் கேள்வியான டாஸ்க் 1-ல் (ஒரு படத்தைப் பார்த்து அதிலுள்ள தகவலை எழுத வேண்டும்) பார் சார்ட், அதாவது பட்டை வரைபடம், வந்தால் ஒரு எண்ணைக்கூட விடாமல் 220 வார்த்தை வரை எழுதுகிறாராம். "இன்னும் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? நல்ல டெம்ப்ளேட் இருந்தால் கொடுங்கள். கம்ப்யூட்டரில் எழுதுவதா, பேப்பரிலா என்றும் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

ஒரு எண்ணைக்கூட விடாமல் எழுதுகிறீர்களே, சிக்கலே அங்குதான் இருக்கிறது. கேள்வித்தாளில் படத்துக்கு மேலே இரண்டு வரி இருக்கும். எல்லா அகாடமிக் டாஸ்க் 1 கேள்விக்கும் அதே வரிகள்தான் என்பதால் யாரும் நின்று படிப்பதில்லை. முக்கியமான அம்சங்களைத் தேர்ந்தெடுத்துச் சொல்லி, தேவையான இடத்தில் ஒப்பிட்டு, தகவலைச் சுருக்கி எழுதச் சொல்கிறார்கள். தேர்ந்தெடு, ஒப்பிடு, சுருக்கு. "எல்லாவற்றையும் சொல்" என்று எங்கேயும் இல்லை. எதையும் விடாமல் எழுதினால் கேட்ட மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்று ஆகிவிடும்.

எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைத் தேர்வை நடத்துகிறவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். நான்கு அளவுகோல்கள், நான்குக்கும் சம எடை: கேட்டதைச் செய்தீர்களா, கோர்வையாக இருக்கிறதா, சொல்வளம், இலக்கணம். முதலாவதில் பேண்ட் (மதிப்பெண் நிலை) 5-க்கான விவரிப்பைப் பாருங்கள்: விவரங்களை இயந்திரத்தனமாக அடுக்குவது. பேண்ட் 7-க்கான விவரிப்பில், முக்கியப் போக்குகளையோ வேறுபாடுகளையோ சொல்லும் தெளிவான ஓவர்வியூ, அதாவது மொத்தச் சித்திரம், இருக்க வேண்டும் என்று வருகிறது. நான் பார்க்கும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஆங்கிலம் நன்றாகவே இருக்கும். ஆனால் ஓவர்வியூ இருக்காது, இருந்தாலும் ஒப்புக்கு ஒரு வரி இருக்கும்.

இரண்டாவது கேள்வியான டாஸ்க் 2 கட்டுரைக்குத்தானே இரட்டிப்பு எடை, இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். டாஸ்க் 2-ல் 6.5, டாஸ்க் 1-ல் 5.5 என்றால் மொத்தம் தோராயமாக 6.2. டாஸ்க் 1-ஐ மட்டும் 6.5-க்குக் கொண்டுவந்தால் நீங்கள் கேட்கும் 6.5 கிடைத்துவிடுகிறது. கட்டுரையில் அரை பேண்ட் ஏற்றுவதைவிட இது எவ்வளவோ சுலபம். ஏனென்றால் இங்கே யோசித்துக் கருத்து உருவாக்கும் வேலையே இல்லை. சொல்ல வேண்டியது எல்லாம் கண்ணெதிரே படமாக இருக்கிறது.

சரி, படத்துக்கு வருவோம். பார் சார்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் காலம் இருக்கிறதா இல்லையா என்பது. 1786-ல் வில்லியம் ப்ளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு வரைபடப் புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தின் வணிகத்துக்குப் பல வருடத் தகவல் அவரிடம் இருந்ததால் அதை வளைந்து போகும் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு 1780-81 என்று ஒரே ஒரு வருடத் தகவல்தான் கைவசம் இருந்தது. ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாதே! அதனால் 17 நாடுகளுடன் நடந்த ஏற்றுமதி, இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பார் சார்ட்டின் தொடக்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஏறியது, இறங்கியது என்று சொல்ல வழியில்லாத இடத்தில், எது பெரிது எது சிறிது என்று காட்டப் பிறந்த படம் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரே வருடத்தில் ஐந்து நாடுகளைக் காட்டும் படத்துக்கு "ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்கு அதிகரித்தது" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அங்கே எதுவும் அதிகரிக்கவில்லை, இத்தாலியின் பட்டை உயரமாக இருக்கிறது, அவ்வளவுதான். 'ரோஸ்', 'ஃபெல்', 'இன்க்ரீஸ்ட்' எல்லாம் காலம் மாறும்போது மட்டும். காலம் இல்லாத படத்துக்கு 'ஹையர் தேன்', 'ட்வைஸ் ஆஸ் ஹை ஆஸ்', 'தி லோயஸ்ட்' மாதிரி ஒப்பீட்டுச் சொற்கள்தான் வேண்டும். மனப்பாடம் செய்த ஏற்ற இறக்கச் சொற்களை எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தத் தப்பு வருகிறது.

இப்போது ஒரு படத்தை வைத்தே பார்க்கலாம். நான் வகுப்பில் அடிக்கடி கொடுப்பது இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள். நான்கு மாநிலங்களில், ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் எழுத்தறிவு விகிதம், 2001-லும் 2011-லும். கேரளா 87.7-லிருந்து 92.1. தமிழ்நாடு 64.4-லிருந்து 73.4. ராஜஸ்தான் 43.9-லிருந்து 52.1. பீகார் 33.1-லிருந்து 51.5. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு பட்டைகள், மொத்தம் எட்டு எண்கள்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எப்படி இருக்கும் தெரியுமா? 2001-ல் கேரளாவில் 87.7 சதவீதம், தமிழ்நாட்டில் 64.4 சதவீதம், ராஜஸ்தானில் 43.9 சதவீதம், பீகாரில் 33.1 சதவீதம். அடுத்த பத்தியில் 2011-க்கும் இதே வரிசை. ஓர் எண்ணிலும் தப்பில்லை. ஆனால் இதைப் படித்தவருக்குப் படத்தைப் பற்றி என்ன தெரிந்தது? படத்தைத் தள்ளிவைத்துவிட்டு எண்களை மட்டும் வாசித்த மாதிரி இருக்கிறது.

பேனாவை எடுக்காமல் படத்தையே இரண்டு நிமிடம் பாருங்கள். நான்கு மாநிலத்திலும் விகிதம் ஏறியிருக்கிறது, யாருக்கும் இறங்கவில்லை. இது முதல் விஷயம். கேரளா இரண்டு வருடமும் முதலிடம், பீகார் இரண்டு வருடமும் கடைசி, வரிசை மாறவே இல்லை. இது இரண்டாவது. மூன்றாவதுதான் இந்தப் படத்தின் உயிர்: கடைசியில் இருக்கும் பீகார்தான் எல்லோரையும்விட அதிகம் ஏறியிருக்கிறது, 18 புள்ளிகளுக்கு மேல். முதலில் இருக்கும் கேரளா ஏறியது நான்கு புள்ளி சொச்சம். ஆகவே மேலுக்கும் கீழுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. இந்த மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் எழுதினால் ஓவர்வியூ முடிந்தது. ஓவர்வியூவில் எண் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். எண் இல்லாமல் சொல்ல முடிகிற விஷயம்தான் பெரிய விஷயம். எண் போட்டால்தான் புரியும் என்றால் அது பெரும்பாலும் கீழே விவரப் பத்தியில் இருக்க வேண்டிய சமாச்சாரம்.

இந்த வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதித் தராததற்குக் காரணம் இருக்கிறது. தந்தால் மனப்பாடம் செய்துவிடுவீர்கள், அடுத்து வரும் படத்தில் பீகாரும் இருக்காது, சுருங்கும் இடைவெளியும் இருக்காது. கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆங்கிலம் உங்களுடையதாக இருக்கட்டும்.

அடுத்தது விவரப் பத்திகள். இங்கே எதை எதோடு சேர்ப்பது என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு ஒரு பத்தி என்று பிரித்தால் ஏற்றத்தைச் சொல்ல முடியாமல் போகும். மாநிலத்துக்கு ஒரு பத்தி என்றால் நான்கு துண்டுகள், ஒப்பீடே வராது. நானாக இருந்தால் கேரளாவையும் தமிழ்நாட்டையும் ஒரு பத்தியில் வைப்பேன், ராஜஸ்தானையும் பீகாரையும் இன்னொன்றில் வைப்பேன். முதல் பத்தியில் இரண்டும் பாதிக்கு மேலேயே தொடங்கியவை. கேரளா ஏற்கெனவே உச்சியில் இருந்ததால் கொஞ்சம்தான் நகர்ந்தது, தமிழ்நாடு ஒன்பது புள்ளி ஏறியும் கேரளாவுக்கு ஏறத்தாழ 19 புள்ளி கீழேதான் நின்றது. இரண்டாவது பத்திதான் சுவாரசியமானது. 2001-ல் ராஜஸ்தான் பீகாரைவிடக் கிட்டத்தட்ட 11 புள்ளி மேலே இருந்தது. பத்து வருடத்தில் அந்த வித்தியாசம் ஒரு புள்ளிகூட இல்லை என்று ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடித்து எழுதுகிறவரும், எட்டு எண்ணையும் வரிசையாக எழுதுகிறவரும் ஒரே மார்க் வாங்க முடியாது.

இதில் கேரளாவின் 87.7-ஐ அப்படியே எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. "88-க்குச் சற்றுக் கீழே" என்பது போதும். பரீட்சையில் பெரும்பாலும் பட்டை மேல் எண் எழுதியிருக்காது, அச்சைப் பார்த்துக் கணிக்க வேண்டியிருக்கும். அப்போது 'அரவுண்ட்', 'ஜஸ்ட் ஓவர்', 'நியர்லி' எல்லாம் கைகொடுக்கும். ஆனால் எண்ணே இல்லாமல் "மிக அதிகம்", "மிகக் குறைவு" என்று எழுதிக்கொண்டு போகவும் கூடாது. ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் பக்கத்தில் ஓர் எண்ணாவது சாட்சியாக நிற்க வேண்டும். எட்டு எண்ணில் ஐந்தாறு வந்தாலே தாராளம்.

இந்தப் படத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டிலும் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களே விழுகிறார்கள்.

முதல் பொறி சதவீதம். பீகார் 33.1-லிருந்து 51.5 ஆனதை "18 சதவீதம் அதிகரித்தது" என்று எழுதினால் கணக்குத் தப்பு. 33.1-ல் 18 சதவீதம் என்பது ஏறத்தாழ ஆறுதான். உண்மையில் ஏறியது 18 சதவீதப் புள்ளிகள், 'பெர்சென்டேஜ் பாயின்ட்ஸ்'. சதவீதமாகவே சொல்ல வேண்டும் என்றால் அது 55-க்கும் மேல். குழப்பமாக இருந்தால் "33-லிருந்து ஏறத்தாழ 52 சதவீதத்துக்கு" என்று இரண்டு முனைகளையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், தப்பே வராது. இதோடு ஒட்டி வருவது 'பை', 'டு' குழப்பம். 'ரோஸ் பை' என்றால் ஏறிய அளவு, 'ரோஸ் டு' என்றால் போய்ச் சேர்ந்த இடம். ஒரு சொல் மாறினால் படமே மாறிவிடும், மதிப்பிடுபவர் அதைத் தகவல் பிழையாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது பொறி விகிதமும் எண்ணிக்கையும். "எழுத்தறிவு பெற்ற பெண்களின் எண்ணிக்கை கேரளாவில்தான் அதிகம்" என்று எழுதிவிடுவார்கள். படம் அப்படிச் சொல்லவில்லை. 2011-ல் கேரளாவின் மக்கள்தொகை 3.3 கோடி, பீகாருக்கு 10 கோடிக்கு மேல். தலையை எண்ணினால் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் கேரளாவைவிடப் பீகாரில்தான் அதிகம்! அச்சில் சதவீதம் என்று இருந்தால் உங்கள் வாக்கியத்திலும் 'பெர்சென்டேஜ்', 'ப்ரொபோர்ஷன்', 'ரேட்' என்றுதான் இருக்க வேண்டும், 'நம்பர்' வரக் கூடாது. அச்சைப் பார்க்கும்போதே ஆயிரமா, மில்லியனா, சதவீதமா என்று ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம் நம் ஆட்களுக்கே உரிய ஒரு பழக்கம், காரணம் சொல்வது. பீகார் ஏன் இவ்வளவு ஏறியது என்று பொது அறிவு உள்ளவர்களுக்குக் கை பரபரக்கும். 2006-ல் தொடங்கி அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்களே, அதை எழுதலாமே என்று தோன்றும். எழுதாதீர்கள். படத்தில் சைக்கிள் இல்லை. டாஸ்க் 1-ல் உங்கள் அறிவை யாரும் சோதிக்கவில்லை, உங்கள் கருத்தையும் கேட்கவில்லை. "இது வரவேற்கத்தக்க முன்னேற்றம்" என்ற வரிகூட வேண்டாம். அதையெல்லாம் டாஸ்க் 2-க்கு மிச்சம் வையுங்கள்.

மொழியில் நான் அதிகம் திருத்தும் இடம் ஒன்று உண்டு. "கேரளாவின் விகிதம் தமிழ்நாட்டைவிட அதிகம்" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம், யாருக்கும் உறுத்தாது. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு விகிதத்தை ஒரு மாநிலத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். விகிதத்தை விகிதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், அதற்குத்தான் 'தேன் தட் ஆஃப்' என்று நடுவில் இரண்டு சொல் சேர்க்கிறார்கள். பார் சார்ட் முழுக்க ஒப்பீடுதான் என்பதால் இந்த ஒரு பிழை ஒரே பதிலில் நான்கைந்து தடவை வரும். 'பெர்சென்டேஜ் ஆஃப் விமென்' என்று எழுதிவிட்டு 'வேர்' போடுவதும் அப்படித்தான். எழுவாய் பெண்கள் இல்லை, சதவீதம். ஆகவே 'வாஸ்'. காலம் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. கடந்த வருடங்கள் என்றால் இறந்தகாலம், வருடமே போடாத படம் என்றால் நிகழ்காலம், வரப்போகும் வருடம் என்றால் 'இஸ் ப்ரொஜெக்டட் டு'.

டெம்ப்ளேட் கேட்டீர்கள். என்னிடம் இல்லை, இருந்தாலும் கொடுக்க மாட்டேன். 'இட் இஸ் கிரிஸ்டல் கிளியர்', 'இன் எ நட்ஷெல்' மாதிரி வரிகளை ஒரே பயிற்சி மையத்திலிருந்து வரும் இருபது பேரும் எழுதுகிறார்கள். மதிப்பிடுபவர் அவற்றைத் தினமும் பார்க்கிறார். உங்கள் சொந்த ஆங்கிலம் ஒரு தரத்திலும் கடன் வாங்கிய வரி வேறு தரத்திலும் இருந்தால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். நான் கொடுக்கக்கூடியது ஒரு வரிசை மட்டும்: கேள்வியை உங்கள் சொல்லில் ஒரு வாக்கியம், ஓவர்வியூ இரண்டு வாக்கியம், அப்புறம் இரண்டு விவரப் பத்திகள். கேள்வி வாக்கியத்தை அப்படியே நகல் எடுக்காதீர்கள், நகல் எடுத்த சொற்களை உங்கள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முடிவுரை என்று தனியாக ஒன்றும் வேண்டாம். ஓவர்வியூவைக் கடைசியில் வைத்தாலும் தப்பில்லை, ஆனால் நேரம் போய்விட்டால் முதலில் பலியாவது அதுதான். முன்னாலேயே வைத்துவிடுங்கள்.

ஒரே பட்டையைப் பல நிறத்தில் துண்டு போட்டிருந்தால் துண்டுகளின் பங்கைப் பாருங்கள், எந்தத் துண்டு பெருத்தது, எது மெலிந்தது என்று. இரண்டு படம் கொடுத்திருந்தால் இரண்டுக்கும் ஒரே ஓவர்வியூ போதும், இரண்டும் எங்கே தொடுகின்றன என்று ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. மற்றபடி வேலை ஒன்றேதான்.

220 வார்த்தை அதிகம். குறைந்தது 150 கேட்கிறார்கள், 170-180 வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இதற்கு ஒதுக்கச் சொல்வது 20 நிமிடம். அதில் நான்கு நிமிடம் பார்ப்பதற்கும் குறிப்பதற்கும், பதின்மூன்று நிமிடம் எழுத, மிச்சம் பிழை பார்க்க. நீங்கள் 220 எழுதும்போது அந்தக் கூடுதல் நேரம் டாஸ்க் 2-லிருந்துதான் போகிறது, அங்கேதான் இரட்டிப்பு எடை.

பயிற்சிக்கு, தினம் ஒரு முழுப் பதில் எழுதுவதைவிட ஒரு வேலை சொல்கிறேன். கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய தேர்வுத் தொகுப்புகளில் உள்ள படங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓவர்வியூ மட்டும் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் பத்துப் படம் முடிந்துவிடும். எழுதியதைப் படம் பார்க்காத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவரால் பட்டைகளைத் தோராயமாக வரைய முடிகிறதா என்று பாருங்கள். கூடவே வேலை பார்க்கும் நர்ஸ் யாராவது கிடைத்தால் போதும்.

கம்ப்யூட்டரா பேப்பரா என்றால், கேள்வி வகையும் மதிப்பீடும் ஒன்றுதான். கீபோர்டைப் பார்க்காமல் டைப் அடிக்க முடியும் என்றால் கம்ப்யூட்டர் வசதி: எத்தனை வார்த்தை என்று திரையிலேயே காட்டும், ஒரு வாக்கியத்தை வெட்டி மேலே கொண்டுபோய் ஒட்டலாம். ஸ்பெல்லிங் திருத்தித் தராது, அதை நம்பி இருக்காதீர்கள். டைப்பிங் தடுமாறும் என்றால் பேப்பர் கிடைக்கிற தேர்வு மையம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.  பேப்பரில் தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதுங்கள், அதற்கு மார்க் குறைக்க மாட்டார்கள்.